நிலக்கரி கரன்ட்: என்கிட்ட திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகள்

நான் இருக்கிறது வட சென்னை, மொட்டை மாடி ஏறினா அனல்மின் நிலையத்தோட சிம்னி தெரியும். இதப்பத்தி பேசுறவன்னு தெரிஞ்சதால சொந்தக்காரங்க, காலேஜ் பசங்க, டீக்கடையில பாக்குறவங்கன்னு எல்லாரும் கேப்பாங்க, கேக்குறது பெரும்பாலும் அதே கேள்விங்கதான். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு பதிலா எல்லாத்தையும் இங்க எழுதி வெச்சிட்டேன். கேள்விகள அவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன்.

கரிய எரிச்சா கரன்ட் எப்படிங்க வரும்?

கரிய நைசா அரைச்சு காத்தோட சேர்த்து பாய்லருக்குள்ள ஊதி எரிப்பாங்க. பாய்லர் சுவர் பூரா குழாய், அதுல ஓடுற தண்ணி 540 டிகிரி சுமார் சூட்டுல நீராவியாகி பெரிய அழுத்தத்தோட டர்பைன்ல மோதும், டர்பைன் நிமிஷத்துக்கு 3000 சுத்து சுத்தும், அது கூடவே ஜெனரேட்டரும் சுத்தும், அவ்வளவுதான். வேலை முடிஞ்ச நீராவிய கடல் தண்ணி இல்லன்னா கூலிங் டவர் வெச்சு ஆற விட்டு மறுபடி தண்ணியாக்கி பாய்லருக்கே அனுப்புவாங்க.

இதுல ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும். எரிக்கிற கரியோட சூட்டுல பழைய பிளான்ட்டுங்கள்ல நூத்துக்கு 35 பங்கு சுமார்தான் கரன்ட்டா மாறுது, மிச்சம் சிம்னி வழியாவும் சூடான தண்ணியாவும் வெளிய போயிடுது.

எங்க வீட்டு கரன்ட்டுக்கு எவ்ளோ கரி செலவாகும்னு கணக்கு இருக்கா?

நம்ம நாட்டு கரில ஒரு யூனிட் எடுக்க ஏறத்தாழ 700 கிராம் ஆகும். ரெண்டு மாசத்துக்கு 400 யூனிட் ஓடுற வீடுன்னு வெச்சுக்கோங்க, முழுசும் கரி கரன்ட்டா இருந்தா 280 கிலோ கரி. நம்ம கரில மூணுல ஒரு பங்குக்கு மேல சாம்பல்தான், அப்போ கிட்டத்தட்ட 100 கிலோ சாம்பல் உங்க ஒரு பில்லுக்கு மட்டும். கார்பன் டை ஆக்சைடு யூனிட்டுக்கு ஒரு கிலோ கிட்ட.

உண்மையில தமிழ்நாட்டுல காத்தாலை, சோலார், கூடங்குளம், தண்ணி எல்லாம் கலந்து வர்றதால உங்க பங்கு இதவிட கம்மியா இருக்கும். நாடு முழுக்க பாத்தா உற்பத்தியாகுற கரன்ட்ல இன்னிக்கும் 70 சதவீதம் சுமார் கரிதான்.

நெய்வேலியில எடுக்குறதும் எண்ணூர்ல எரிக்கிறதும் ஒரே நிலக்கரியா அண்ணா?

இல்லப்பா. நெய்வேலியில கிடைக்கிறது லிக்னைட், பழுப்பு நிலக்கரி, அதுல பாதி எடை ஈரம். சூடு கம்மியா தர்றதால தூரமா தூக்கிட்டுப் போய் எரிச்சா கட்டுப்படியாகாது, அதனாலதான் சுரங்கம் பக்கத்துலயே 1962ல சோவியத் உதவியோட பவர் ஹவுஸ் கட்டினாங்க. ஒரு நல்லது, லிக்னைட்ல சாம்பல் ரொம்ப கம்மி. அங்க பிரச்சினை நிலமும் நிலத்தடி தண்ணியும், அதுக்கு தனிக் கேள்வி கீழ வருது.

எண்ணூர், தூத்துக்குடி, மேட்டூர்ல எரிக்கிறது கறுப்பு நிலக்கரி. ஒடிசா தால்ச்சர் சுரங்கத்துலேர்ந்து ரயில்ல பாரதீப் துறைமுகம், அங்கேர்ந்து கப்பல்ல எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வருது. எண்ணூர் துறைமுகமே, இப்போ காமராஜர் துறைமுகம்னு பேரு, 2001ல முதல்ல கரி இறக்கத்தான் ஆரம்பிச்சாங்க. வெளிநாட்டு கரியும் கொஞ்சம் கலப்பாங்க, அதுல சாம்பல் கம்மி, விலை ஜாஸ்தி.

ஏன் எல்லா பிளான்ட்டையும் கொண்டு வந்து கடலோரம் மீனவர் ஊர் பக்கத்துலயே வெக்கிறாங்க?

ரெண்டு காரணம். கப்பல்ல வர்ற கரிய நேரா கன்வேயர்ல உள்ள அனுப்பலாம், குளிர வைக்க கடல் தண்ணி சும்மா கிடைக்கும். இன்ஜினியரிங்கா பாத்தா சரியான கணக்குதான்.

ஆனா அதே கணக்கை ஒரே ஊர்ல திரும்ப திரும்ப போட்டா என்னாகும்னு எண்ணூர்ல பாக்கலாம். 1970ல ஆரம்பிச்சு 2017ல மூடின பழைய எண்ணூர் பிளான்ட் 450 மெகாவாட், அப்புறம் 90கள்ல வட சென்னை முதல் கட்டம் 630, அப்புறம் 1200, பக்கத்துல வல்லூர் 1500, 2024ல இன்னொரு 800, இது போக எண்ணூர் செஸ்ல, அதாவது சிறப்புப் பொருளாதார மண்டலத்துல, 660 மெகாவாட் யூனிட் ரெண்டு. ஒவ்வொண்ணுக்கும் அனுமதி வாங்கும்போது தனியா அந்த ஒண்ணோட பாதிப்புதான் பெருசா பேசப்படுது, ஆனா அங்க மூச்சு விடுறவனுக்கு எல்லாம் சேர்ந்துதானே வருது? என்னோட முதல் கோவமே இதுலதான்.

சிம்னியில வர்றது வெறும் நீராவிதான்னு சொல்றாங்களே?

குட்டையா அகலமா இருக்குமே கூலிங் டவர், அதுல வெள்ளையா வர்றது நீராவிதான், அது சரி. உயரமான ஒல்லி சிம்னியில வர்றது கரி எரிஞ்ச புகை. தூசியைப் பிடிக்க இஎஸ்பின்னு ஒரு மெஷின் இருக்கு, ஒழுங்கா ஓடினா 99 சதவீதத்துக்கு மேல சாம்பலை பிடிச்சிடும், அதனால கண்ணுக்கு புகை பெருசா தெரியாது.

கண்ணுக்குத் தெரியாததுதான் சங்கடம். கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடு, கொஞ்சம் பாதரசம் எல்லாம் வாயுவா போயிடும், இஎஸ்பிக்கு அதெல்லாம் பிடிபடாது. கந்தக வாயு காத்துல போகப்போக சல்ஃபேட் துகளா மாறும், பிஎம் 2.5னு சொல்றாங்களே அதுல ஒரு பங்கு இதுதான், நுரையீரல் அடி வரைக்கும் போகக்கூடிய சைஸ். சிம்னி உசரமா இருக்குறதால பக்கத்து ஊருக்கு நேரா விழுறது குறையும், ஆனா வாயு காணாம போகாது, தூரமா போய் பரவும்.

சாம்பல் தானே, எங்க பாட்டி அதுலதான் பாத்திரம் தேய்ச்சாங்க, அதுக்கு ஏன் இவ்ளோ கலாட்டா?

பாட்டி தேய்ச்சது விறகு சாம்பல். இது மண்ணுக்கு அடியில கோடிக்கணக்கான வருஷம் கிடந்த கரியோட சாம்பல், அதுல ஆர்சனிக், ஈயம், குரோமியம், பாதரசம் மாதிரி உலோகங்கள் கொஞ்சம் கொஞ்சமா இருக்கும், எரிச்சதும் கரி போயிடும் இதெல்லாம் சாம்பல்ல சேர்ந்து நிக்கும். துகளும் ரொம்ப நைசு, காய்ஞ்சா லேசான காத்துக்கே பறக்கும்.

அளவையும் பாருங்க. ஒரு 1000 மெகாவாட் பிளான்ட் முழுசா ஓடினா ஒரு நாளைக்கு 15 ஆயிரம் டன்னுக்கு மேல நம்ம ஊரு கரி எரியும், அப்போ சாம்பல் மட்டும் தினமும் 5 ஆயிரம் டன். இதுல பெரும்பகுதிய வருஷக்கணக்கா கடல் தண்ணியோட கலந்து கூழாக்கி குழாய்ல தள்ளி சாம்பல் குளத்துல விட்டாங்க. அடியில சரியா தடுப்பு போடாத குளம்னா உப்பும் உலோகமும் நிலத்தடி தண்ணிக்கு இறங்கும். எண்ணூர்கிட்ட செப்பாக்கம்னு ஒரு ஊரு, சாம்பல் குளத்துக்கு ஒட்டியே இருக்கு, கிணத்துத் தண்ணி வாயில வைக்க முடியாது, கோடையில காத்தடிச்சா சோத்துத் தட்டுல சாம்பல். எங்களை வேற இடத்துல குடி வைங்கன்னு அந்த ஜனங்க கேட்டு எத்தனையோ காலமாச்சு.

குளத்தோட கரை உடையிறது இன்னொரு ஆபத்து. மத்தியப் பிரதேசம் சிங்ரௌலி பக்கம் சாசன்ல 2020 ஏப்ரல்ல சாம்பல் குளக் கரை உடைஞ்சு சேறு ஊருக்குள்ள பாஞ்சு 6 பேர் செத்தாங்க.

எண்ணூர் ஆத்துல அப்படி என்னதான் ஆச்சு, கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க

ஆறுன்னு நாங்க சொல்றது கொசஸ்தலை ஆறு, எண்ணூர் முகத்துவாரத்துல கடல்ல சேரும், பக்கிங்காம் கால்வாயும் அங்கதான் கலக்குது. உப்பும் நல்ல தண்ணியும் கலக்குற இடம், சதுப்புக் காடு, இறால், நண்டு, மடவை, மட்டின்னு ஒரு காலத்துல அள்ளிக் குடுத்த இடம். காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படை குப்பம் ஜனங்க கடலுக்கு போகாத நாள்லயும் ஆத்துல இறங்கி கஞ்சிக்கு சம்பாதிச்சாங்க, பொம்பளைங்க தண்ணில உக்காந்து கையால தடவியே இறால் பிடிப்பாங்க.

மேல சொன்ன சாம்பல் கூழ் குழாய் ஆத்தையும் கால்வாயையும் தாண்டித்தான் குளத்துக்குப் போகுது. குழாய் தேய்ஞ்சு அங்கங்க ஓட்டை, அதுலேர்ந்து சாம்பல் நேரா ஆத்துல விழுந்துச்சு, ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல வருஷக்கணக்கா. அடியில சாம்பல் படிஞ்சு ஆழம் போச்சு, படகு தட்டுது, இறால் குஞ்சு வளர்ற சேத்து மண்ணு மேல சாம்பல் மூடிடுச்சு. போதாததுக்கு பிளான்ட்ல குளிர வைக்கப் பயன்பட்ட தண்ணி சூடா வந்து கலக்குது, முதல் பதில்ல சொன்னேனே கரியோட சூட்டுல பெரும்பங்கு வீணா வெளிய போகுதுன்னு, அது போற இடம் இதுவும் ஒண்ணு. மீன் குஞ்சுங்க அந்த சூட்ட தாங்காது.

இது மீனவர் பிரச்சினை மட்டும்னு நினைக்காதீங்க. பூண்டி ஏரி நிரம்பினா திறந்து விடுற வெள்ளம் இந்த வழியாத்தான் கடலுக்கு போகணும், முகத்துவாரம் அடைஞ்சா வட சென்னை வீடுகளுக்குள்ள தண்ணி ஏறும். ஊர்க்காரங்க வழக்கு போட்டு, நிபுணர் குழு வந்து பாத்து, 2022ல தேசிய பசுமைத் தீர்ப்பாயம் ஆத்துல சேர்ந்த சாம்பலை சரி பண்ணணும், குழாய மாத்தணும்னு உத்தரவு போட்டுச்சு. தீர்ப்பு வர்றதுக்குள்ள ஒரு தலைமுறை பசங்க ஆத்துத் தொழில விட்டுட்டு கம்பெனி கேட்ல நிக்க ஆரம்பிச்சிட்டாங்க.

சாம்பல்ல செங்கல், சிமென்ட்டு பண்றாங்களே, அப்போ பிரச்சினை தீர்ந்துடுச்சு இல்ல?

பாதி தீரும். பிபிசி சிமென்ட் மூட்டை வாங்குறீங்களே, அதுல 15லேர்ந்து 35 சதவீதம் வரைக்கும் இந்த சாம்பல்தான், கட்டடத்துக்கு நல்லதும்கூட. 1999லேர்ந்தே மத்திய அரசு விதி இருக்கு, 2021 டிசம்பர் 31ல புதுசா வந்த அறிவிப்புப்படி முழு சாம்பலையும் பயன்படுத்தியே ஆகணும், இல்லன்னா டன்னுக்கு 1000 ரூபா கட்டணும், பழைய குளத்துல கிடக்கிறதையும் 10 வருஷத்துல காலி பண்ணணும்.

சிக்கல் என்னன்னா சிமென்ட்காரங்களுக்கு வேணும்கிறது இஎஸ்பியில பிடிச்ச காய்ஞ்ச சாம்பல். கடல் தண்ணியில கரைச்சு குளத்துல விட்டதை யாரும் ஆசையா வாங்குறதில்ல. அதனால உலர் சாம்பலா எடுத்து மூடின வண்டியில அனுப்புற ஏற்பாட்டுக்குத்தான் முதல்ல காசு போடணும். பள்ளத்தை நிரப்புறதும் பயன்பாடுன்னு கணக்குல வருது, அது எனக்கு உறுத்தலா இருக்கு, நல்ல தண்ணி இருக்கிற தாழ்வான நிலத்துல கொண்டு போய் கொட்டினா பிரச்சினை ஒரு ஊர்லேர்ந்து இன்னொரு ஊருக்கு மாறுது அவ்ளோதான்.

கந்தகத்தை பிடிக்கிற மெஷின் வேணாம்னு அரசாங்கமே சொல்லிடுச்சாமே?

எஃப்ஜிடின்னு சொல்ற மெஷின், புகைய சுண்ணாம்புக்கல் கரைசல்ல கழுவும், கந்தகம் ஜிப்சமா மாறிடும். 2015 டிசம்பர்ல கந்தகம், நைட்ரஜன், பாதரசம் எல்லாத்துக்கும் புது வரம்பு வந்துச்சு, 2017க்குள்ள முடிக்கணும்னாங்க, அப்புறம் தள்ளி தள்ளி தள்ளிட்டே போய் 2025 ஜூலைல நாட்டுல இருக்கிற பிளான்ட்ல முக்கால்வாசிக்கு மேல இது கட்டாயம் இல்லன்னு அறிவிப்பு வந்துடுச்சு. பத்து லட்சம் ஜனத்தொகை உள்ள நகரத்துலேர்ந்து 10 கிலோமீட்டருக்குள்ள இருக்கிறதுக்கு 2027 கடைசி வரை டைம்.

அவங்க சொல்ற காரணம், நம்ம கரில கந்தகம் கம்மி, மெஷின் செலவு அதிகம், யூனிட் விலை ஏறும்னு. கந்தகம் கம்மிங்கிறது உண்மை. ஆனா எரிக்கிற மொத்த அளவு பெருசு, ஒவ்வொரு டன்லயும் கொஞ்சம்னாலும் சேர்ந்தா எவ்ளோ? மேல சொன்ன சல்ஃபேட் துகளுக்கு 10 கிலோமீட்டர் கோடு எல்லாம் தெரியாது, அது நூறு கிலோமீட்டர் தாண்டியும் போகும். என்னைக் கேட்டா இது தப்பான முடிவு, ஏற்கனவே காசு போட்டு மாட்டினவன் ஏமாளியாகிட்டான்.

பிளான்ட் வந்ததால நம்ம பசங்களுக்கு வேலை கிடைச்சுது, அத ஏன் சொல்ல மாட்டேங்கிறீங்க?

சொல்றேன், கிடைச்சுது. நெய்வேலி டவுன்ஷிப்பே அப்படி உருவானதுதான், ஸ்கூல், ஆஸ்பத்திரி, நிரந்தர சம்பளம், எத்தனையோ குடும்பம் மேல வந்துச்சு. ஆனா இப்போ உள்ள போற நம்ம ஊர் பசங்கள்ல நிறைய பேர் கான்ட்ராக்ட், கரி கையாளுறது, சாம்பல் கிளீனிங், பாய்லர் மராமத்துன்னு தூசியும் சூடும் இருக்கிற வேலை. நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்துல 2020 மே மாசம் ஒரு பாய்லர் விபத்து, ஜூலை 1 இன்னொண்ணு. ஜூலைல அந்த இடத்துலயே செத்த 6 பேரும் கான்ட்ராக்ட் தொழிலாளிங்க, ஆஸ்பத்திரியில இன்னும் பல பேர் போனாங்க. வேலைன்னு பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேசணும்.

நிலத்துக்கு காசு குடுக்குறாங்க, வேலை குடுக்குறாங்க, அப்புறமும் நெய்வேலி பக்கம் ஏன் எதிர்ப்பு?

லிக்னைட் ஒரு டன் எடுக்க அஞ்சு கன மீட்டருக்கு மேல மண்ணை வெட்டித் தள்ளணும், அதனால சுரங்கம் நகர்ந்துகிட்டே இருக்கும், நிலம் கேட்டுகிட்டே இருக்கும். லிக்னைட்டுக்கு அடியில அழுத்தமான ஊத்து தண்ணி இருக்கு, ராத்திரி பகலா பம்ப் பண்ணி வெளிய எடுக்கலன்னா சுரங்கத்து அடி பொங்கிடும். சுத்துப்பட்டு விவசாயிங்க கேட்டா, ஒரு காலத்துல தானா பொங்கி வந்த தண்ணிக்கு இப்போ எவ்ளோ ஆழம் போர் போடணும்னு சொல்வாங்க.

முன்ன நிலம் குடுத்த குடும்பங்கள்ல எல்லாருக்கும் நிரந்தர வேலை வரலங்கிறது பழைய மனத்தாங்கல். அதுக்கு மேல 2023 ஜூலைல வளையமாதேவியில நெல்லு பயிர் நிக்கும்போதே என்எல்சி, அதான் நெய்வேலி சுரங்கக் கம்பெனிக்காரங்க, பொக்லைனை இறக்கி வாய்க்கா வெட்டினாங்க. நிலத்த அவங்க முன்னாடியே வாங்கிட்டாங்கதான், காகிதத்துல சரி, ஆனா கதிர் வர்ற நேரத்துல மெஷின் ஏறினதை பாத்து தமிழ்நாடே கொதிச்சுது, ஐகோர்ட்டும் வேதனைப்பட்டு பயிருக்கு தனியா நஷ்ட ஈடு குடுக்கச் சொல்லுச்சு. அதே வருஷம் ஏப்ரல்ல டெல்டா பக்கம் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு மூணு இடத்தையும் மத்திய அரசு சுரங்க ஏலப் பட்டியல்லேர்ந்து எடுத்துச்சு, பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் 2020லேர்ந்து இருந்தது பெரிய பலம்.

இலங்கையில சம்பூர்ல கரி பிளான்ட்ட நிறுத்திட்டாங்கன்னு கேள்விப்பட்டேன், நிஜமா?

நிஜம். திருகோணமலை சம்பூர் ஜனங்க 2006 சண்டையில ஊரை விட்டு துரத்தப்பட்டவங்க, அந்த நிலத்துலதான் இந்திய அரசு மின் கம்பெனி என்டிபிசியும் இலங்கை மின்சார சபையும் சேர்ந்து 500 மெகாவாட் கட்டுறதா இருந்துச்சு. எதிர்ப்பு, வழக்கு எல்லாம் வந்து 2016ல கைவிட்டாங்க. இப்போ அதே சம்பூர்ல சோலார் திட்டம், 2025 ஏப்ரல்ல அடிக்கல் போட்டாங்க. அந்த நாட்டுல ஓடுற ஒரே பெரிய கரி நிலையம் புத்தளம் பக்கம் நுரைச்சோலை, 900 மெகாவாட்.

2012 பவர்கட் மறந்துபோச்சா? கரி வேணாம்னா மறுபடி இருட்டுல உக்காரவா?

மறக்கல. நாளுக்கு பாதி நேரம் கரன்ட் இல்லாம பட்டறைங்க மூடினது, பரீட்சைக்கு பசங்க மெழுகுவர்த்தியில படிச்சதெல்லாம் பாத்திருக்கேன். அந்த கஷ்டம்தான் வட சென்னை, வல்லூர்ல எல்லாம் பெரிய யூனிட்டுங்கள வேகமா முடிக்க வெச்சுது. 2024 மே 2ஆம் தேதி தமிழ்நாட்டோட தேவை 20,830 மெகாவாட் வரைக்கும் போச்சு, இதுல கரிய நாளைக்கே நிறுத்துன்னு நான் சொல்லல, சொல்றவங்க கிட்டயும் எனக்கு உடன்பாடு இல்ல. நான் கேக்குறது வேற. இருக்கிறத ஒழுங்கா ஓட்டு, சாம்பல ஒழுங்கா கையாளு, ஏற்கனவே தாங்கிட்டு இருக்கிற ஊர்ல இன்னும் ஒண்ணு கொண்டு வந்து வெக்காத.

சோலார் ராத்திரி வராது, காத்து எப்பவும் அடிக்காது, அப்புறம் எப்படி?

சரியான கேள்வி. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் மே மாசத்துலேர்ந்து செப்டம்பர் வரைக்கும் காத்து பிச்சுகிட்டு அடிக்கும், அப்புறம் படுத்துடும். கரி பிளான்ட்ட நினைச்ச நேரம் அணைச்சு போட முடியாது, ஆறின பாய்லரை மறுபடி சூடாக்கவே பல மணி நேரம். அதனால காத்து நிறைய வர்ற நேரத்துல காத்தாலைய நிறுத்தச் சொல்ற நிலைமையெல்லாம் வந்திருக்கு, அது பாக்க வயிறு எரியும்.

வழி, சேமிச்சு வைக்கிறது. வால்பாறை மலையில காடம்பாறைல 1980கள்லேர்ந்தே 400 மெகாவாட் இருக்கு, மிச்ச கரன்ட்ல தண்ணிய மேல ஏத்தி வெச்சு தேவைப்படும்போது இறக்குவாங்க. நீலகிரி குந்தாவில 500 மெகாவாட்டுக்கு அதே மாதிரி கட்டிட்டு இருக்காங்க. பேட்டரி விலையும் இறங்கிட்டு வருது. சோலார் ஏலத்துல யூனிட் ரெண்டரை ரூபா சுமாருக்கே கிடைக்குது, அந்த விலைக்கு புது கரி பிளான்ட் கட்டி குடுக்கவே முடியாது. சாயங்காலம் 6லேர்ந்து 10 வரைக்கும்தான் இடிக்குது, சேமிப்புக்கு போடுற பணம் எல்லாம் அந்த நாலு மணி நேரத்துக்காகத்தான்.

சூப்பர் கிரிட்டிக்கல்னா சுத்தமான கரின்னு அர்த்தமா?

இல்ல. அது புது மாதிரி பாய்லர், நீராவியோட அழுத்தமும் சூடும் அதிகம், அதனால 35க்கு பதிலா 40 பங்கு சுமார் கரன்ட்டா மாறும், அதே கரன்ட்டுக்கு கரி குறையும். பழையதை மூடிட்டு அதுக்கு பதிலா இத வெச்சா லாபம். பழையதும் ஓடட்டும் இதுவும் ஓடட்டும்னா மொத்த சாம்பல் கூடத்தான் செய்யும்.

வெள்ளைக்காரன் இருநூறு வருஷம் எரிச்சு பணக்காரன் ஆனான், நம்மள மட்டும் நிறுத்து நிறுத்துன்னா எந்த ஊர் நியாயம்?

இந்த கோவத்துல உண்மை இருக்கு. பிரிட்டன் கடைசி கரி நிலையத்தை 2024 செப்டம்பர் 30ல மூடிட்டு பெருமைப்படுறான், அதுக்குள்ள எரிச்ச கணக்கு யார் கட்டுவா? தலைக்கு இவ்ளோன்னு பாத்தா இந்தியாக்காரன் பங்கு இன்னிக்கும் அவங்கள விட கம்மி. பணக்கார நாடுங்க காசு குடுக்கணும்னு நம்ம அரசாங்கம் கேக்குறது நியாயம்தான்.

ஆனா அந்த நியாயத்தை செப்பாக்கத்துக்காரர் கிட்ட போய் சொல்ல முடியுமா? அவர் வீட்டுல ஏசி கிடையாது, ஊருக்கெல்லாம் போற கரன்ட்டோட சாம்பல் மட்டும் அவருக்கு. லண்டன் கிட்ட நாம கேக்குற அதே கேள்விய அவர் நம்மகிட்ட கேக்குறார்.

மூடிட்டா அங்க வேலை பாக்குறவங்க நடுத்தெருவுல நிக்கணுமா?

பழைய எண்ணூர் பிளான்ட் 2017 மார்ச்சோட மூடினாங்க. இந்த மாதிரி மூடும்போது நிரந்தர ஊழியருக்கு வேற நிலையத்துக்கு மாறுதல் கிடைக்கும். கான்ட்ராக்ட் ஆளு, கேன்டீன், டீக்கடை, லாரி இவங்க எந்த பட்டியல்லயும் வர மாட்டாங்க. அதனால மூடுற தேதிய அஞ்சாறு வருஷம் முன்னாடியே சொல்லணும், கான்ட்ராக்ட் ஆளுங்க பேரை இப்பவே பதிவு பண்ணணும், சாம்பல் குளத்தை சுத்தம் பண்றது, ஆத்தை தூர் வாருறது எல்லாமே வருஷக்கணக்கான வேலை, அதை அந்த ஊர் ஆளுங்களுக்கே குடுக்கலாம்.

சரி, எங்க ஊர் பக்கம் புதுசா பிளான்ட் வருதுன்னா நாங்க என்ன பண்றது?

முதல்ல கருத்துக் கேட்புக் கூட்டம் எப்போன்னு பாருங்க. 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி குறைஞ்சது 30 நாள் முன்னாடி நோட்டீஸ் விடணும், திட்டத்தோட சுருக்கம் தமிழ்ல இருக்கணும், கலெக்டரோ அவருக்கு பதிலா வர்ற பெரிய அதிகாரியோ தலைமை தாங்கணும், முழுசும் வீடியோ எடுக்கணும், கடைசியில பேசினதோட சுருக்கத்தை தமிழ்ல படிச்சுக் காட்டணும். படிக்காம முடிச்சா அங்கேயே எழுந்து நின்னு கேளுங்க.

கூட்டத்துல சத்தம் போடுறது மட்டும் பத்தாது, எழுத்துல குடுங்க, ஒரு காப்பி கையெழுத்து வாங்கி வெச்சுக்கோங்க. கேக்க வேண்டியது இது: சாம்பல் காய்ஞ்சதா எடுப்பீங்களா கூழா விடுவீங்களா, குளத்துக்கு அடியில தடுப்பு உண்டா, சூடான தண்ணி எங்க போகும், எஃப்ஜிடி உண்டா, 10 கிலோமீட்டர் சுத்துல ஏற்கனவே இருக்கிற பிளான்ட்டோட சேர்த்து கணக்கு போட்டீங்களா. அறிக்கையில நம்ம ஊர் ஏரி, மேய்ச்சல் நிலம், மீன் பிடிக்கிற இடம் எல்லாம் இருக்கான்னு பாருங்க, சில சமயம் இருக்கிற ஆறே வரைபடத்துல இருக்காது. ஆத்துல இறங்கி தொழில் பண்றவங்க, குறிப்பா பொம்பளைங்க, அவங்களே மைக்கை பிடிச்சு எந்த இடத்துல என்ன மீன் எந்த மாசம் கிடைக்கும்னு பேர் சொல்லி பதிவு பண்ணட்டும், பின்னாடி வழக்குன்னு போனா அந்த பேச்சு ஆவணத்துல இருக்கும்.